கருட சேவை அன்று ரூட் பாஸ்வேர்டு

எங்களுக்குள் முதல் சண்டை ஒரு சிடியை முன்னிட்டு வந்தது.

வாலாஜாபாத் சாலையில், ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் கழிந்த சமயம். அதே வேலையில் என் சகா எனக்கு ஒரு வருடம் முன்பே சேர்ந்திருந்தார். நிர்வாகம் புதிதாக இரண்டு சர்வர்கள் வாங்கியது. இரண்டிலும் லினக்ஸ் போடுவதென்று முடிவாயிற்று. அது இலவசம் என்பதால் அந்த முடிவில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த லினக்ஸ் என்பதில்தான் வந்தது.

நாங்கள் எடுத்துக்கொண்ட வகையில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று நிலையான பதிப்பு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் புதிதாக வரும். அதுவரை அதிலுள்ள மென்பொருள்கள் எல்லாம் அதே எண்ணில் அப்படியே இருக்கும். மற்றது தினமும் மாறிக்கொண்டே இருக்கும் பதிப்பு. உலகத்தில் எங்கோ ஒருவர் காலையில் எழுதியது ஓரிரு நாளில் நம் மெஷினுக்கு வந்து சேரும். அவர் செய்த தப்பும் கூடவே வரும்.

நிலையான பதிப்பின் சிடி என் கையில் இருந்தது. அவர் அதை வாங்கி, அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"மேடம், இதுல இருக்கற வெப் சர்வர் ரெண்டு வருஷத்துக்கு முந்தின சரக்கு. ஊசின வாசனை வர்றது."

"ரெண்டு வருஷமா ஓடிக்கினு இருக்குதுன்னா, அதுல இருந்த கோளாறெல்லாம் ஏற்கெனவே வெளிய வந்துடுச்சுன்னு அர்த்தம் சார்."

"அப்போ புதுசா எதையும் தெரிஞ்சுக்கவே வேண்டாமா?"

"காலையில வந்து பார்த்தா மெஷின் ஓடணும். எனக்கு அது போதும்."

இதில் வேடிக்கை என்னவென்றால், அவரைப் போன்ற பழைய பதிப்பு மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோவிலை ஒட்டிய தெருவில் வீடு. தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்து ஆண்கள் சுவாமி புறப்பாட்டில் பிரபந்த கோஷ்டியில் பாசுரம் சொல்லி நடப்பவர்கள். இவரும் நடப்பார். ராகு காலத்தில் புதிய கேபிள் பெட்டியைப் பிரிக்க மாட்டார். செவ்வாய்க்கிழமை முடி வெட்டிக்கொள்ள மாட்டார். தாத்தா உட்கார்ந்த பலகையில்தான் சாப்பிடுவார். அப்படிப்பட்டவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால், நேற்று வந்ததைக்கூடப் பழையது என்பார்.

நான் திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் குடும்பம். எங்கள் வீட்டில் இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடித்தாக வேண்டும். அதனால் ஐந்து மணிக்கு நான் மொபெட்டை எடுத்துவிடுவேன். "உங்க வீட்டுல வயித்துக்கே ஷட்டவுன் டைம் வெச்சிருக்கேள். நீங்க ஸ்டேபிள் கேக்காம வேற என்ன கேப்பேள்!" என்பார். "நீங்க ஏசி சுவிட்ச் போடவே பஞ்சாங்கம் பார்க்கிறீங்க சார்" என்பேன். கண்ணாடித் தடுப்பு போட்ட அந்தச் சின்ன சர்வர் அறையில் இரண்டு நாற்காலிகள்தான் இருந்தன. பேச்சை வளர்க்க விரும்பாவிட்டால் வெளியே வயலைப் பார்க்கலாம்.

விஷயம் பிரின்சிபாலிடம் போயிற்று. அவர் மெக்கானிக்கல் துறைக்காரர். அரைமணி நேரம் இருவர் தரப்பையும் கேட்டார்.

"ரெண்டும் ஓடும் இல்லம்மா?"

"ஓடும் சார்."

"அப்ப ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. என்னை விட்டுடுங்க."

அப்படியே ஆயிற்று. மெயில், வருகைப் பதிவு, மதிப்பெண் எல்லாம் என் சர்வர். மாணவர்கள் ஆய்வகத்தில் பயன்படுத்துவது அவர் சர்வர். ஒருவர் மெஷினில் மற்றவர் கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தம். ரூட் பாஸ்வேர்டு, அதாவது மெஷினின் சகல அதிகாரமும் கொண்ட கடவுச்சொல், அவரவரிடம் மட்டும்.

தினமும் எட்டு மணிக்கு வந்து அவர் அப்டேட் கட்டளையைக் கொடுப்பார். எங்கள் இணைய இணைப்பு நூல் கனம்தான் இருக்கும். அவர் மெஷின் புதுச்சரக்கு இறக்க ஆரம்பித்தால் கல்லூரி முழுவதும் இணையம் படுத்துவிடும். உடனே பிரின்சிபால் அறையிலிருந்து இன்டர்காம் அடிக்கும். "லைன் கொஞ்சம் வீக்கா இருக்கு சார். பாத்துண்டிருக்கேன்" என்று பொய் கலக்காத குரலில் சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வார். ஒருநாள் அப்டேட் முடிந்ததும் பிரிண்டர் போயிற்று. மறுநாள் அப்டேட்டில் பிரிண்டர் வந்தது, பாதி மாணவர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. அவர் அசரவே மாட்டார். ஒவ்வொரு கோளாறையும் சந்தோஷமாகத் தோண்டி, காரணம் கண்டுபிடித்து, எனக்கும் விளக்கிவிட்டுத்தான் காபிக்குப் போவார்.

ஒன்றில் மட்டும் எனக்குப் பொறாமை உண்டு. அவர் மெஷினில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகத் தெரிந்தன. என் மெஷினில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றுகொள்ளும். இதை அவரிடம் நான் சொன்னதில்லை. அவராகவே வாரம் ஒருமுறை சொல்லிக்காட்டுவார்.

என் பெருமை வேறு மாதிரி. ஒருமுறைகூட அணையாமல் என் சர்வர் எத்தனை நாளாக ஓடுகிறது என்று ஒரு கட்டளை கொடுத்தால் சொல்லும். காலையில் வந்ததும் நான் செய்யும் முதல் காரியம் அதுதான். இருநூறு நாள் ஆனபோது வீட்டிலிருந்து கேசரி செய்துகொண்டு போனேன்.

"மெஷினுக்குப் பொறந்தநாளா?" என்றார் அவர், இரண்டாவது கரண்டி போட்டுக்கொண்டே.

"இருநூறு நாள் சார். உங்களுது இன்னைக்கு எவ்ளோ?"

"மூணு மணி நேரம்," என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

அந்த வருடம் வைகாசியில், இறுதித் தேர்வு முடிந்த கையோடு, சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வளாகத் தேர்வுக்கு வருவதாக ஒப்புக்கொண்டது. எங்கள் கல்லூரிக்கு அப்படி வந்த முதல் கம்பெனி அதுதான். கம்ப்யூட்டரிலேயே பரீட்சை. அதற்கான மென்பொருளையும் கேள்விகளையும் முன்கூட்டியே ஆள் அனுப்பி, ஆய்வகத்துக்குரிய அவர் சர்வரில் ஏற்றிவிட்டுச் சிடியைத் திரும்ப எடுத்துப்போய்விட்டார்கள். நாள் குறித்ததும் அவர்கள்தான். காஞ்சிபுரத்தில் அன்று கருட சேவை என்பது அவர்களுக்குத் தெரியாது. பிரின்சிபாலுக்குத் தெரியும். முதல் கம்பெனியிடம் மறுப்புச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கருட சேவையன்று என் சகாவை எந்தக் கம்பெனிக்காகவும் கல்லூரியில் உட்கார வைக்க முடியாது. விடியுமுன் கோஷ்டியில் சேர்ந்தால் மதியம்வரை தெருவில்தான். "எல்லாம் டெஸ்ட் பண்ணி வெச்சிருக்கேன் மேடம். நீங்க பக்கத்துல இருந்தா போறும்" என்றார் முந்தின நாள் சாயங்காலம்.

"எதையும் தொடாதீங்க சார். அப்படியே விட்டுட்டுப் போங்க."

"தொடுவேனா?"

தொட்டார். நான் ஐந்து மணிக்குக் கிளம்பியதும், கடைசியாக ஒரே ஒரு அப்டேட் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு மெஷினில் பரீட்சையைத் திறந்து பார்த்தேன். கேள்வி வந்தது. பதிலைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். அடுத்த கேள்வியும் வந்தது. பத்து கேள்வி முடித்து மதிப்பெண்ணைப் பார்த்தால் பூஜ்யம். முதலில் எனக்கு எதுவுமே தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். நன்றாகத் தெரிந்த பத்துக்குப் போட்டாலும் பூஜ்யம். அந்த மென்பொருள் எழுதப்பட்ட மொழியின் புதிய பதிப்பு முந்தின நாள் இறங்கியிருந்தது. பயனர் அனுப்பும் விவரங்களை நிரலுக்குள் தானாகவே அனுமதிக்கும் ஒரு பழைய வழக்கத்தை, பாதுகாப்புக்காக அதில் நிறுத்திவிட்டிருந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் மாணவர் எதை அழுத்தினாலும் அது வாசலிலேயே நின்றுவிட்டது.

என் சர்வரில் அதே மொழியின் பழைய பதிப்பு இருந்தது. பரீட்சையை இங்கே நகலெடுத்தால் ஓடிவிடும். ஆனால் அவர் மெஷினைத் திறக்க அவர் பாஸ்வேர்டு வேண்டும். மெஷினை அணைத்துவிட்டு வேறு வழியில் உள்ளே நுழைய எனக்குத் தெரியும். முந்தின நாள் இத்தனையும் மாற்றிய மெஷின் அணைத்தால் திரும்ப எழுமா என்பதுதான் தெரியாது. கம்பெனிக்காரர்கள் பத்தரைக்கு வருகிறார்கள். வராந்தாவில் டை கட்டிய பிள்ளைகள் அதற்குள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அவரிடம் செல்போன் உண்டு. கோஷ்டிக்கு அதை எடுத்துப்போக மாட்டார்.

மொபெட்டை எடுத்தேன்.

ஊருக்குள் போகப் போக வண்டி நகரவில்லை. ஒரு சந்தில் அதை நிறுத்திவிட்டு காந்தி ரோடுவரை கூட்டத்தோடு கூட்டமாகத் தள்ளப்பட்டுப் போனேன். தூரத்தில் குடைகள் தெரிந்தன. பெருமாளுக்கு முன்னால் கோஷ்டி இரண்டு மூன்று வரிசையாகப் பாசுரம் சொல்லிக்கொண்டு வந்தது. பஞ்சகச்சம், வெற்று மார்பு, நெற்றி நிறைய திருமண். அத்தனை பேரும் எனக்கு ஒரே மாதிரி தெரிந்தார்கள். கடைசியில் அவருடைய கண்ணாடியை வைத்துத்தான் அவரைக் கண்டுபிடித்தேன். இடது கம்பியில் இன்சுலேஷன் டேப் சுற்றிய கண்ணாடி ஊரிலேயே அது ஒன்றுதான்.

ஓரமாகக் கூடவே நடந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார். கண் விரிந்தது, ஆனால் வாய் நிற்கவில்லை. நான் இரண்டு கைகளையும் நீட்டிக் காற்றில் டைப் அடித்துக் காட்டினேன். பிறகு கையை விரித்தேன். பாசுரம் சொல்லிக்கொண்டே அவர் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். குரல் மட்டும் பிசகவில்லை. அதற்காக அவரை இன்றும் மெச்சுவேன்.

பெருமாள் ஒரு பந்தலில் நின்றார். தீபாராதனை ஆகும் நேரத்தில் என் சகா வரிசையை விட்டுக் கயிற்றோரம் வந்தார்.

"என்ன ஆச்சு?"

"எல்லாருக்கும் பூஜ்யம் போடுது. அப்டேட் போட்டீங்களா?"

"சின்னதா ஒண்ணு…"

"சார், பேச நேரமில்ல. பாஸ்வேர்டு சொல்லுங்க. என் சர்வருக்கு மாத்திடறேன்."

அவர் இருபுறமும் பார்த்தார். ஆயிரக்கணக்கான பேர் நின்றிருந்தார்கள். "இங்கயா? சத்தமாவா?" என்றார்.

"யாரு கேட்டு வெச்சுக்கினு இன்னா பண்ணப் போறாங்க?"

"பிரின்சிபிள்னு ஒண்ணு இருக்கு இல்லையா மேடம்."

கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரரின் சட்டைப் பையில் பேனா இருந்தது. நான் கேட்டேன், அவர் கொடுத்தார். என் கைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டின் பின்புறம் இவர் குனிந்து பாஸ்வேர்டை எழுத ஆரம்பித்தார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், ஆச்சரியக்குறி என்று அது முடியவே இல்லை.

"சாமி, சீக்கிரம் எழுதுங்க. ரூட்டு கிளியர் பண்ணணும்," என்றார் போலீஸ்காரர்.

"அதுக்குத்தான் எழுதறேன்," என்றார் இவர்.

வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "ஏண்டா, அங்க என்னடா பண்றே?" என்று கூப்பிட்டார். இவர் ஓடினார். எனக்கு நேர் எதிரே பெருமாள் நின்றார். எங்கள் வீட்டு வழிபாடு வேறுதான். ஆனால் அன்றைக்கு யாரையும் விட்டுவைக்கும் நிலையில் நான் இல்லை. கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

டிக்கெட்டில் இருந்ததை மூன்று முறை அடித்தும் மெஷின் ஏற்கவில்லை. நான்காவது முறைதான் அவர் ஒன்று என்று எழுதியதை நான் எல் என்று படித்திருந்தது புரிந்தது. பத்து மணிக்கு நகல் முடிந்தது. பத்தரைக்கு வரவேண்டிய கம்பெனி வேன் ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டு பதினொன்றரைக்கு வந்தது. இறங்கியவர்கள் கையில் தொன்னையும் முகத்தில் பக்தியுமாக இருந்தார்கள். தாமதத்துக்கு அவர்களே மன்னிப்புக் கேட்டார்கள். என் பழைய சர்வர் கொஞ்சம் மூச்சு வாங்கியது, ஆனால் விழவில்லை. ஒன்பது பேருக்கு வேலை கிடைத்தது.

அவர் இரண்டு மணிக்குத் திருமண்ணோடு சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். எத்தனை நாளாக ஓடுகிறது என்ற அந்தக் கட்டளையை மட்டும் அவர் கண்ணில் படும்படி அடித்துவைத்துவிட்டு, ஐந்து மணிக்குக் கிளம்பினேன்.

பணியாளர் கூட்டத்தில் பிரின்சிபால் என்னைப் பாராட்டினார். என் நடையே மாறியிருந்ததாகப் பின்னால் என் சகா சொன்னார்.

ஆடி பிறந்த சமயம், ஒரு காலையில் இணையம் சுத்தமாக இல்லை. வழக்கம்போல் அவரைப் பார்த்தேன். "சத்தியமா நான் இல்லை மேடம்" என்றார். அப்போது தொலைபேசி அடித்தது. இணைப்பு கொடுத்த இடத்திலிருந்து பேசினார்கள். எங்கள் மெயில் சர்வரிலிருந்து இரண்டு நாட்களாக லட்சக்கணக்கில் குப்பை மெயில்கள் போகின்றனவாம், அதனால் லைனைத் துண்டித்துவிட்டார்களாம்.

மெயில் சர்வர் என்னுடையது.

நான் நம்பவில்லை. அவர் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "பாக்கலாமா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் பதிவுகளைப் புரட்டினார். அதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. யாரோ வெளியிலிருந்து ஒரு ஓட்டை வழியாக நுழைந்து, என் மெஷினைத் தன் வீடாக்கிக்கொண்டிருந்தார்.

"பார்த்தீங்களா சார், பழைய சரக்குன்னு நீங்க சொன்னது சரியாப் போச்சு," என்றேன்.

"இல்லை மேடம். இந்த ஓட்டைக்கு உங்க ஸ்டேபிளுக்கே பேட்ச் வந்திருக்கு. மாசக்கணக்கா ஆறது. வெர்ஷன் நம்பர் மாறாது, பழசேதான் இருக்கும். ஓட்டையை மட்டும் அடைச்சுக் கொடுப்பா. நீங்க அதைப் போடவே இல்லையா?"

போடவில்லை. நிலையான பதிப்பு என்றால் கை வைக்காமல் விட்டுவிடுவது என்று நான் எனக்குள்ளேயே அர்த்தம் பண்ணிக்கொண்டிருந்தேன். அறிவிப்பு மெயில்கள் வந்துகொண்டுதான் இருந்தன. பேட்ச் போட்டால் சில சமயம் மெஷினை ஒருமுறை அணைத்துப் போட வேண்டிவரும். அணைத்தால் என் நாள் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். அந்த எண்ணுக்காக நான் கதவைத் திறந்து போட்டிருந்தேன். ஏசி அறையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். அவர் எழுந்துபோய் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். "யாரு பார்த்துக்கறது அதை?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் சகா, "ரெண்டு பேரும்தான் சார். ரெண்டு பேருமே கவனிக்கலை," என்றார். வெளியே வந்ததும், "ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "கருட சேவையன்னிக்கு ஏன் சர்வர் மாத்தினேள்னு அவர் கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னேள்? கரன்ட் பிராப்ளம்னுதானே?" என்றார். அது அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் உட்கார்ந்து என் சர்வரை அடியோடு அழித்துத் திரும்பப் போட்டோம். மாணவர்களின் மதிப்பெண்கள் சிடியில் நகலெடுத்து வைத்திருந்ததால் பிழைத்தன. அப்போதுதான் ஒப்பந்தத்தையும் மாற்றினோம். இரண்டு சர்வர்களிலும் நிலையான பதிப்பு. பாதுகாப்பு பேட்ச்கள் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் போட்டாக வேண்டும், நாள் கணக்கு என்ன ஆனாலும் சரி. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிப்பதால் அந்த நேரத்தை அவர்தான் குறித்தார். ரூட் பாஸ்வேர்டு இருவருக்கும் தெரியும். தினம் மாறும் பதிப்புக்காக, ஆய்வகத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசி தட்டி அவர் மேஜைக்கடியில் வைத்துக்கொண்டார். அதை எத்தனை முறை உடைத்தாலும் நான் கேட்கக் கூடாது.

உடைத்தார். ஒவ்வொரு முறையும் எது போயிற்று, எப்படிச் சரியானது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தார். நானும் சும்மா இருக்கவில்லை. மத்தியானத்தில் அவர் காபிக்குப் போனதும் அந்த மெஷினில் உட்கார்ந்து, கொம்பு சரியான இடத்தில் நிற்கும் தமிழைத் தட்டிப் பார்ப்பேன். ஒருநாள் பிடித்துவிட்டார். "தொடுவேனா?" என்றேன்.

இரண்டு வருடம் கழித்துப் புதிய நிலையான பதிப்பு வெளியானது. அவருக்கு அது ஏற்கெனவே பழக்கப்பட்ட முகம். மேஜைக்கடியில் அவர் போட்டு உடைத்தவைதான் பக்குவப்பட்டு இப்போது நிலையான பதிப்பாக வந்திருந்தன. எனக்கு அது புதிது. மாற்றலாமா, இன்னும் ஆறு மாதம் பொறுக்கலாமா என்று இரண்டு மாதம் அவரோடு வாதாடினேன். ஒருநாள் வாதம் ஜன்னலைத் தாண்டி வராந்தாவரை கேட்டிருக்கிறது. கடைசியில் அவர் நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டார். மதிப்பெண் பக்கம் எங்கே தகராறு செய்யும், பிரிண்டரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று எல்லாம் அதில் இருந்தது. நானே ஒரு சனிக்கிழமையைக் குறித்தேன்.

நான் கட்டளைகளை அடிக்க, அவர் நோட்டைப் பார்த்துச் சொல்ல, மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டு சர்வர்களும் புதிய பதிப்புக்கு வந்துவிட்டன. மெயில் போயிற்று, வந்தது. மதிப்பெண்கள் சரியாக இருந்தன. பிரிண்டர் முதல் தாளைத் துப்பியது. நாங்கள் இருவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது பிரின்சிபால் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் திரையைப் பார்த்தார், சகாவின் திரையைப் பார்த்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார்."

"இன்னா மாறிச்சு?"

நான் சகாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணும் மாறல சார். எல்லாம் அப்படியே ஓடிக்கினு இருக்குது," என்றேன்.

"இதுக்கா ரெண்டு மாசமா ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கினு இருந்தீங்க?" என்று சொல்லிவிட்டு, ஏசியின் குளிரில் ஒரு நிமிடம் நின்று வியர்வை ஆற்றிக்கொண்டு போய்விட்டார்.